செல்போனில் வரும் போலி விற்பனை விளம்பரங்கள்: கண்டறிவதும் புகார் செய்வதும்

திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையில் ஆடு வாங்க வருபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; முதுகைத் தடவிப் பார்ப்பார்; விற்பவர் எந்த ஊர், யார் வகையறா என்று விசாரிப்பார். அதன் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார். கறவை மாடு என்றால் இரண்டு வேளை பால் கறந்து பார்க்காமல் எவரும் பணத்தை எடுப்பதில்லை. இத்தனை எச்சரிக்கையும் உடைய விவசாயிகளே, செல்போனில் ஒரு டிராக்டரின் படத்தைப் பார்த்துவிட்டு முகம் தெரியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுகிறார்கள். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறக்கப்பட்டு உழவு வேலை நெருக்கும் நாட்களில், கையிலுள்ள பணத்துக்கு ஒரு பழைய டிராக்டரோ பவர் டில்லரோ கிடைக்குமா என்று தேடுவது இயல்பே. இதைப் பேராசை என்று சொல்வது சரியன்று. சிறு விவசாயியின் இந்தத் தேவையைத்தான் மோசடிக்காரர்கள் குறி வைக்கிறார்கள்.

இவ்வகை விற்பனை எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். இணையதள ஏல விற்பனையில் உலக அளவில் முன்னோடியான ஈபே நிறுவனம் 1995-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2004-ல் பாசீ என்ற இந்தியத் தளத்தை விலைக்கு வாங்கி நம் நாட்டிலும் இயங்கியது. 2018 ஆகஸ்டில் அதன் இந்தியத் தளம் மூடப்பட்டது. அந்தத் தளத்தில் பைசாபே என்றொரு ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் கட்டிய பணம் தளத்தின் பொறுப்பிலேயே இருக்கும். பொருள் வந்து சேர்ந்த பிறகே விற்பவருக்குப் போகும். இன்று நம் பகுதி விவசாயிகள் பார்க்கும் ஓ.எல்.எக்ஸ்., முகநூல் சந்தை, வாட்ஸ்அப் குழு ஆகியவற்றில் டிராக்டரோ மாடோ விற்பனைக்கு வந்தால் அது பெரும்பாலும் வெறும் விளம்பரமே. பேரமும் பணமும் இரு தனி நபர்களுக்கு இடையில் நடப்பவை. பணம் தளத்தின் வழியாகச் செல்லாததால், அதைப் பிடித்து வைக்கவும் அங்கு எவரும் இல்லை.

இராணுவ வீரர் வேடம்

நாடெங்கும் ஒரே அச்சில் வார்த்தது போல நடக்கும் மோசடி இது. நல்ல நிலையிலுள்ள டிராக்டர் ஒன்று சந்தை விலையில் பாதிக்கும் குறைவாக விளம்பரத்தில் வரும். நான்கு லட்சம் ரூபாய் பெறக்கூடியது ஒன்றரை லட்சத்துக்கு என்று வைத்துக் கொள்வோம். பேசுபவர் தம்மை இராணுவத்திலோ மத்திய தொழிற்பாதுகாப்புப் படையிலோ பணிபுரிபவர் என்று சொல்வார். மாற்றல் வந்துவிட்டதால் அவசரமாக விற்பதாகக் கூறுவார். அடையாள அட்டை, கேன்டீன் அட்டை ஆகியவற்றின் படங்களைத் தாமே அனுப்பி வைப்பார். அவை வேறொருவரிடமிருந்து முன்பு ஏமாற்றிப் பெற்றவையாகவோ, போலியாகத் தயாரித்தவையாகவோ இருக்கும். நேரில் வந்து பார்க்கிறோம் என்றால், முகாமுக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள், இராணுவ லாரியிலேயே வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன் என்பார்.

அடுத்து வருவது சில்லறைத் தொகை. வண்டி வெளியே வர "கேட் பாஸ்" கட்டணம் 2,150 ரூபாய், வண்டி வந்ததும் விலையில் கழித்துக் கொள்ளலாம் என்பார். இத்தொகை சிறியது என்பதால் விவசாயி அனுப்பி விடுகிறார். மறுநாள் லாரி வாடகை; பிறகு ஜி.எஸ்.டி.; பிறகு இன்சூரன்ஸ். வண்டி பாதி வழியில் நிற்பதாகவும், தொகை கணக்கில் ஒத்துப் போகவில்லை, ஆகவே மீண்டும் ஒரு முறை அனுப்பினால் முதலில் அனுப்பியது திரும்பி வரும் என்றும் சொல்வார்கள். முதலில் கட்டிய பணம் வீணாகக் கூடாது என்ற எண்ணமே அடுத்த தொகையைக் கட்ட வைக்கிறது. கறவை மாடுகளிலும் இதே கதைதான். ஹரியானா மாநிலம் குருகிராம் பகுதியில் பால் பண்ணை வைத்திருக்கும் விவசாயி ஒருவர், இணையதளத்தில் மலிவு விலையில் பார்த்த மாடுகளுக்குச் சிறுகச் சிறுக இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்பி, மாடுகள் வராமல் ஏமாந்த செய்தி 2024 தொடக்கத்தில் பத்திரிகைகளில் வந்தது. மாடுகளின் நடுவிலேயே வாழ்பவரும் படத்தில் மாட்டைப் பார்த்தால் ஏமாறக் கூடும்.

விற்பவரும் ஏமாறுவதுண்டு

வாங்குபவர் மட்டும்தான் ஏமாறுவார் என்று எண்ணக் கூடாது. தம்மிடமுள்ள பழைய டீசல் என்ஜினையோ மோட்டாரையோ விற்க ஒருவர் விளம்பரம் கொடுக்கிறார். சில நிமிடங்களில் அழைப்பு வரும். அழைப்பவர் பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். பேரமும் பேச மாட்டார். சொன்ன விலைக்கே எடுத்துக் கொள்கிறேன், பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்று ஒரு கியூ.ஆர். கோடு அனுப்புவார். அதை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்து விடும் என்பார். நம்பிக்கை ஏற்படுத்த முதலில் ஒரு ரூபாயோ பத்து ரூபாயோ போடச் சொல்லி, அதை இரட்டிப்பாகத் திருப்பி அனுப்புவதும் உண்டு. அடுத்த முறை எண்ணைப் போட்டதும் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

வங்கிக்குப் போய் வந்தவர்கள் அனைவருக்கும் ஒன்று தெரியும். ஒருவர் கணக்கில் பணம் கட்ட யார் வேண்டுமானாலும் சலான் எழுதிக் கட்டலாம். கணக்குக்காரர் கையெழுத்து தேவையில்லை. பணம் எடுக்கத்தான் கையெழுத்து வேண்டும். யு.பி.ஐ. முறையில் ரகசிய எண்தான் அந்தக் கையெழுத்து. அதைப் போடுபவருடைய கணக்கிலிருந்துதான் பணம் வெளியே போகும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணும் தேவையில்லை, கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. தனி நபர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டு யு.பி.ஐ.யில் கோரிக்கை அனுப்பும் வசதி இவ்வகை மோசடி காரணமாகவே 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் கியூ.ஆர். கோடு வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

இன்னொரு வகையில், பத்தாயிரத்துக்குப் பதில் தவறுதலாக ஒரு லட்சம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று பதறிக் கொண்டு ஒருவர் பேசுவார். வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தியும் வரும். குறுஞ்செய்தியையும் படத்தையும் யாரும் தயாரிக்கலாம். கணக்கிலுள்ள இருப்பைத் தாமே பார்த்து உறுதி செய்யாமல் ஒரு பைசாவும் திருப்பி அனுப்பக் கூடாது.

படத்தையும் பதிவையும் சோதித்தல்

படத்தைப் பார்ப்பதில் நகரத்தாரைவிட விவசாயிகளுக்கே கண் கூர்மை அதிகம். உசிலம்பட்டியில் நிற்கும் வண்டி என்று விளம்பரம் சொல்லும். படத்தின் பின்னணியில் மஞ்சள் பூத்த கடுகு வயல் இருக்கும். டிரெய்லரில் இந்தி எழுத்து இருக்கும். பதிவு எண் தெரியாதபடி விரலால் மறைத்தோ அழித்தோ இருப்பார்கள். மதுரை வண்டி என்றால் பெரும்பாலும் டி.என். 58, 59, 64 ஆகிய வரிசைகளில் ஒன்றாக இருக்கும். எண் தெரிந்தால் அதைப் பரிவாகன் தளத்தில் கொடுத்து, என்ன வண்டி, எந்த ஆண்டுப் பதிவு, கடன் அடமானம் உள்ளதா என்று பார்க்கலாம். செல்போனிலுள்ள கூகிள் லென்ஸ் வசதியில் அந்தப் படத்தைக் கொடுத்தால், அதே படம் வேறு ஊர் விளம்பரங்களில் வந்திருப்பது பல சமயம் தெரிந்து விடும். வீடியோ அழைப்பில் என்ஜினை ஓடவிட்டு ஹவர் மீட்டரைக் காட்டச் சொல்வது நல்லது. போலி ஆசாமி இதற்கு ஏதாவது சாக்குச் சொல்வார்.

வண்டி உண்மையாகவே இருந்தாலும் அது விற்பவருடையதுதானா என்பது தனிக் கேள்வி. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செய்வது போல, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணின் தடம் எடுத்து ஒப்பிடலாம். கடனில் வாங்கிய வண்டியானால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்தான பிறகே முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும்.

வங்கி ஏலம் என்ற பெயரில்

தவணை கட்டாததால் வங்கி பறிமுதல் செய்த டிராக்டர்கள் ஏலத்துக்கு வருவதாக முகநூலில் விளம்பரங்கள் ஓடுகின்றன. உண்மையான ஏலங்களும் உண்டு. பொதுத்துறை வங்கிகள் தங்களிடம் அடமானமாக இருந்த சொத்துகளை ஏலம் விட பேங்க்நெட் என்ற பொதுத் தளம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. உண்மையான ஏலத்தில் அறிவிப்பு இருக்கும். பொருளை நேரில் பார்க்க நாளும் இடமும் குறித்திருப்பார்கள். முன்வைப்புத் தொகை வங்கியின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகும். ஒரு தனி நபரின் செல்போன் எண்ணுக்கு முன்வைப்புத் தொகை கட்டச் சொன்னால் அது ஏலமே அல்ல. அறிவிப்பில் பெயர் உள்ள வங்கியின் கிளைக்கு நேரில் சென்று கேட்பதற்குப் பஸ் கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை. விளம்பரத்திலுள்ள எண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பதில் பயனில்லை. எடுப்பவரும் அவர்களுடைய ஆள்தான்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. சைபர் நிதி மோசடிகளுக்காக நாடு முழுவதற்கும் உள்ள எண் இது. இதற்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், ஏமாற்றிய பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு மாறி, எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுக்கப்படுகிறது. 1930-க்குப் புகார் வந்ததும் அது சம்பந்தப்பட்ட வங்கிகளுக்கு உடனே செல்கிறது. பணம் அப்போது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கி வைக்கப்படுகிறது. மகன் வேலை முடிந்து வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று மாலை வரை காத்திருந்தால் முடக்குவதற்குப் பணம் இருக்காது. அதே சமயம் சொந்த வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கணக்குக்காரரின் கவனக் குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும்.

அழைக்கும்போது பணம் போன தேதி, நேரம், தொகை, யு.பி.ஐ. பரிமாற்றத்தின் 12 இலக்க எண், மோசடிக்காரரின் செல்போன் எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். புகார் எண் ஒன்று தருவார்கள். அதைக் குறித்துக் கொள்ள வேண்டும். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் முழு விவரத்தையும் பதிய வேண்டும். 2019 ஆகஸ்ட் முதல் இயங்கும் இத்தளத்தில் விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் பேச்சு, அனுப்பிய அடையாள அட்டை எல்லாவற்றையும் சேர்க்கலாம். ஆத்திரத்தில் அந்தப் பேச்சுகளை அழித்து விடுகிறவர்கள் பலர். அவைதான் சாட்சியம். தாமாகப் பதிய முடியாதவர்கள் காவல் நிலையத்தில் நேரில் கொடுக்கலாம். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியே சைபர் குற்றப்பிரிவு காவல் நிலையங்கள் உள்ளன. ஆள் மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கு மட்டும் சிறு கட்டணம் என்று சில நாள் கழித்து ஓர் அழைப்பு வரக்கூடும். அதுவும் மோசடியே. 1930-ல் புகார் செய்யக் கட்டணம் இல்லை.

ஏமாறாமல் தப்பியவர்களும் புகார் செய்ய வேண்டும். விளம்பரத்தின் கீழேயே புகார் செய்யும் பொத்தான் உள்ளது. அதை அழுத்தும் முன் விளம்பரத்தின் எண்ணையும் படத்தையும் எடுத்து வைத்துக் கொள்வது நல்லது. விளம்பரம் நீக்கப்பட்ட பின் அவை கிடைக்கா. ஒவ்வொரு பெரிய தளத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் தெரிவிக்க வேண்டும் என்பதும் 2021-ம் ஆண்டு விதி. பணம் இழக்காத நிலையில், சந்தேக அழைப்பு வந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். இது 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது.

இரண்டாயிரம் ரூபாய்க்காகக் காவல் நிலையம் போவதா, ஊரில் சிரிப்பார்களே என்று பலர் பேசாமல் இருந்து விடுகிறார்கள். 2023 ஏப்ரலில் ஹரியானா மாநிலம் நூஹ் மாவட்டத்தில் சுமார் 5,000 போலீசார் 14 கிராமங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தினர். பிடிபட்டவர்களின் எண்களையும் கணக்குகளையும் பல மாநிலப் புகார்களுடன் ஒப்பிட்டபோது ஏறத்தாழ 28,000 புகார்களுடன் தொடர்பு தெரிய வந்தது. தொகை 100 கோடி ரூபாய்க்கு மேல் என்று அம்மாநிலப் போலீசார் அறிவித்தனர். யாரோ ஒருவர் சிறு தொகைக்காகப் புகார் கொடுத்ததால்தான் அந்த எண்கள் பதிவில் இருந்தன.

வங்கிக் கணக்கை மாதம் இவ்வளவு என்று வாடகைக்குக் கேட்டு வருபவர்களைப் பற்றி வீட்டு இளைஞர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். மோசடிப் பணம் கைமாறுவது இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான். விசாரணை என்று வரும்போது, முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரையே.

உழவுக்கு உடனே இயந்திரம் தேவைப்படுவோர், பழைய வண்டி கிடைக்கும் வரை வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை திட்டத்தில் டிராக்டரை வாடகைக்குப் பெறலாம். உழவன் செயலியிலும், துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலும் இதற்கான விவரம் கிடைக்கும்.