வாங்கிய காரும் வீடு திரும்பும் வழியும்

முற்காலத்திலே சந்தைக்குச் சென்று உழவு மாடு வாங்கிய கமக்காரன் அதனை எவ்வாறு வீட்டிற்குக் கொண்டுவந்தான் என்பதை முதியோர் அறிவர். பல்லைப் பிடித்துப் பார்த்தான், சுழி பார்த்தான், நடக்கவிட்டுப் பார்த்தான், அதன் பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தான். ஆயினும், வாங்கிய மாட்டை அவன் விரட்டிக்கொண்டு வரவில்லை. நிழல் கண்ட இடத்தில் நிறுத்தினான், தண்ணீர் காட்டினான், கால் நொண்டுகிறதா, வாயில் நுரை தள்ளுகிறதா என்று கவனித்தான். சந்தையில் அறிய முடியாத குணங்களை அவன் வழியிலே அறிந்துகொண்டான்.

இன்று அந்த மாட்டின் இடத்திலே பழைய மோட்டார்க் கார் வந்து நிற்கிறது. தெரிவு செய்வதற்குப் பல வண்டிகள் இருக்கும் என்று கருதி, வடக்கிலிருந்து பலர் கொழும்புக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் சென்று கார் வாங்குகின்றனர். பழைய கார் என்றால் மலிவு என்பதும் இல்லை. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களின் இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே பல பழைய கார்கள், அவை புதிதாக வந்திறங்கிய நாளின் விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. எனவே, ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பும், சிலபோது அடகு வைத்த நகையும் அந்த நான்கு சில்லுகளின் மேல் ஏறியிருக்கின்றன. அத்தகைய பொருளைப் பிற்பகலில் கைப்பற்றி, அன்று மாலையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள யாழ்ப்பாணத்தை நோக்கி ஓட்டத் தொடங்குவோர் பலர். மாட்டுக்குக் காட்டிய பொறுமையைக் காருக்குக் காட்டுவாரில்லை.

பட்டணத் தெருவில் நன்றாக ஓடிய கார் நெடுவழியில் ஏன் தடுமாறுகிறது என்று கேட்கலாம். வாங்குபவர் ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் கால் மணி நேரமே. அதற்குள் இயந்திரமோ ரயர்களோ நெடுவழி ஓட்டத்தின் முழு வெப்பத்தை அடைவதில்லை. கசியும் குழாய், தேய்ந்த விசிறி, அடைபட்ட றேடியேற்றர் ஆகியவை மணிக்கணக்காக ஓடும்போதுதான் தம்மை வெளிப்படுத்தும். பழைய காரின் உண்மையான பரீட்சகர் வெப்பமே. விற்பவர் முன்கூட்டியே இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பின், குளிர்ந்த நிலையில் அது கிளம்புவதற்குப் படும் பாடும் மறைந்துவிடும். ஆதலால், விலை பேசுமுன் இயந்திர மூடியில் கை வைத்துப் பார்ப்பது நன்று.

புறப்படுமுன் முதலிற் பார்க்க வேண்டியவை ரயர்கள். பூட்டு ஆழமாக இருக்கிறது என்பதனால் ரயர் நல்லது என்று முடிவு செய்தலாகாது. ஓடாமல் நின்றாலும் றப்பர் ஆண்டுதோறும் இறுகி வெடிப்புறும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பதிக்கப்பட்டிருக்கும். 2319 என்று காணப்பட்டால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது; அந்த மடிப்பே வெப்பமாகி ரயரைப் பிளக்கிறது. ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுமாதலால், குளிர்ந்திருக்கும் வேளையிலேயே காற்றை அளக்க வேண்டும். மேலதிகச் சில்லையும் அளக்க மறத்தலாகாது.

இரண்டாவது, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர். சாதாரண நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். றேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதனால் அங்குள்ள நீர் அதற்கு மேற்பட்ட வெப்பத்திலும் கொதியாமல் இருக்கிறது. சூடான வேளையில் அம்மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரென நீங்கும். நீர் அக்கணமே கொதித்துச் சீறி, திறந்தவரின் முகத்தையும் கைகளையும் வேகச் செய்துவிடும். நீர் மட்டத்தைக் காலையிலே, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்த்துக்கொள்வதே முறை.

மின்கலமும் பெற்றோலும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார்களை வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றிற் பலவற்றில், பின்னிருக்கையின் ஓரத்திலே சிறு காற்றுத் துவாரம் உண்டு. பெரிய மின்கலம் அதன் வழியாகவே குளிர்ச்சி பெறுகிறது. கொழும்புக்குப் போனவர் வீட்டுக்கு வாங்கிய துணிமணிகளையும் பொதிகளையும் அதன்மேல் அடுக்கினால், காரின் மிக விலையுயர்ந்த உறுப்பின் மூச்சையே அடைத்தவராவார்.

பத்திரங்களும் வண்டியின் உறுப்புகளே. பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் காரிலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்றவரின் காப்புறுதி வாங்கியவருக்குத் தானாகவே மாறிவிடும் என்று எண்ணலாகாது. தம் பெயரிலே காப்புறுதி பெற்ற பின்னரே சில்லு உருள வேண்டும்.

இனி வழியை நோக்குவோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்படுபவர் நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளத்தை அடைவார். அதுவே முதற்கட்டம். அங்கே சமதரையில் நிறுத்தி, சில நிமிடங்கள் பொறுத்து, இயந்திர எண்ணெயை அளந்து பார்க்க வேண்டும். காலையில் இருந்த மட்டம் அங்கே தெளிவாகக் குறைந்திருப்பின் இயந்திரம் எண்ணெயை எரிக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது என்பது தெளிவு. புத்தளத்திலிருந்து அனுராதபுரம் செல்லும் வீதியில் காட்டோரப் பகுதிகள் உண்டு, யானைகள் குறுக்கிடும். அதனைப் பகலிற் கடத்தலே அறிவு. அனுராதபுரத்தில் இரண்டாவது ஓய்வு, வவுனியாவில் மூன்றாவது. அப்பால் யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 140 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனங்களை நிறுத்திக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். பக்தியால் நிற்பவருக்கும், அந்தச் சில நிமிடங்களில் இயந்திரத்துக்கும் ஓட்டுநருக்கும் ஓய்வு கிடைக்கிறது.

இவ்வீதி வெறும் தார் வீதியன்று. போர்க்காலத்திலே நெடுங்காலம் மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, போர் 2009இல் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. 1990களில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலால், சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இன்றைய கார்கள் இதனைத் தாங்கமாட்டா. ஆனால், அந்த ஓட்டுநர்களின் செவி இன்றும் வேண்டப்படுவது. ஓசையின் சிறு மாற்றத்தைக் கொண்டே அவர்கள் நோயை அறிந்தனர். வானொலிப் பெட்டியை அணைத்து, கண்ணாடியைச் சற்றே இறக்கி, முதல் ஒரு மணி நேரமாவது புதிய வண்டியின் குரலைக் கேட்டுப் பழகுதல் நன்று. வானொலி இதற்காகக் கோபிக்கமாட்டாது!

இனி, ஒருவரைக் கற்பனையிற் கொள்க. முதிய தாயாரை மாதந்தோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கென்றே அவர் கார் வாங்கினார். புளியங்குளம் கடந்து மாங்குளத்தை நோக்கி வருகையில் வெப்பமானியின் முள் மெல்ல மேலெழுகிறது. வீட்டிலிருந்து, “எங்கே வருகிறாய் தம்பி? சோறு ஆறுகிறது” என்று தொலைபேசி அழைப்பு. இன்னும் சிறிது தூரம், கிளிநொச்சி போய்ப் பார்ப்போம் என்று மனம் சொல்லும். அவ்வாறு ஓட்டிய சிறிது தூரத்திலேதான் இயந்திரத்தின் தலைப்பகுதி வளைகிறது. அதன் செலவோ தாயாரின் பல மாத மருந்துச் செலவுக்கு மேற்படும். உடனே குளிரூட்டியை நிறுத்தி, பாதுகாப்பான ஓரத்தில் ஒதுக்கி, இயந்திரத்தை அணைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமற் காத்திருப்பதே செய்யத்தக்கது. நீர் ஊற்றிய பின்னும் முள் எழுந்தால், இழுத்துச் செல்ல ஆளழைப்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

காரினும் முந்திக் களைப்பது மனிதன். நள்ளிரவுக்குப் பின், சிறப்பாக இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, உடம்பு தானே உறக்கத்தை நாடும். மதிய உணவின் பின்னும் அவ்வாறே. தேநீரும் முகம் கழுவுதலும் உறக்கத்தைச் சிறிது தள்ளிவைக்குமேயன்றித் தீர்க்கமாட்டா. வன்னி வீதியில் இரவிலே மாடுகள் படுத்திருக்கும்; விளக்கில்லாத சைக்கிள்கள் வரும். புதிய வண்டியின் பிறேக் எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்று இன்னும் பழகாத கால்கள் அவ்விருளுக்கு ஏற்றவையல்ல. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை இறங்கி நடத்தலும், கண் சொருகினால் நிறுத்தி உறங்குதலும் உயிர்காக்கும் மருந்துகள்.

வீடு வந்த மறுநாட் காலையில் காரின் கீழே குனிந்து பார்க்க வேண்டும். நிலத்திலே ஈரம் உண்டா, அது நீரா, எண்ணெயா என்று கண்டு, நல்ல தொழிலாளி ஒருவரிடம் காட்டுதல் வேண்டும். கமக்காரனும் அப்படியே வந்த மாட்டை மறுநாளே ஏரிற் பூட்டவில்லை. எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள் என்ற கேள்வியை ஊரார் ஒரு வாரத்தில் மறந்துவிடுவர். வந்து சேர்ந்தவரும் அவர் ஏற்றிவந்த சேமிப்பும் பழுதின்றி இருப்பதே வீட்டுக்குப் பயன்.