வலைத்தளங்களுக்கு இடம் கொடுக்கும் தொழில்



பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் குடியானவர்களுக்குப் பட்டறை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தரையிலிருந்து சற்று உயர்த்தி, அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் காற்றுப் புகும்படி அடைத்து, மேலே கூரை போட்டு, நல்ல விலை வரும்வரை வெங்காயத்தைக் காத்து வைக்கும் இடம் அது. பட்டறை இல்லாத ஒருவர் அடுத்த வீட்டுக்காரரின் பட்டறையில் தம் வெங்காயத்தையும் வைத்துவிட்டுப் போனார் என்று கொள்வோம். அன்று முதல் அந்த வீட்டுக்காரருக்குப் புதியதொரு பொறுப்பு வந்து சேர்கிறது. தம் வெங்காயம் அழுகினால் நட்டம் தம்மோடு போயிற்று. அடுத்தவர் வெங்காயம் அழுகினால் அது வேறு கணக்கு.

இணையத்தில் வலைத்தளங்களுக்கு இடம் கொடுக்கும் சிறு தொழிலைப் பற்றிப் பேசப் புகுந்தேன். அதற்குப் பட்டறையைக் காட்டிலும் நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஹோஸ்டிங் என்று ஆங்கிலப் பெயராலேயே இத்தொழிலை வழங்குகிறார்கள். பொறியியல் படித்து முடித்தபின் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக மனமின்றி ஊரிலேயே தங்கிவிட்ட இளைஞர் ஒருவரை எண்ணிக் கொள்ளுங்கள். பெரம்பலூரில் ஒரு மண்டி, அரியலூரில் ஒரு மழலையர் பள்ளி, சிமெண்டு ஏற்றும் லாரிகளின் உரிமையாளர் ஒருவர், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருவோரை எதிர்பார்க்கும் ஒரு விடுதி என்று இருபது முப்பது பேருக்கு அவர் வலைத்தளம் அமைத்து, இடமும் கொடுத்து, ஆண்டுக் கட்டணம் வாங்குகிறார். மிஞ்சிய பொழுதில் தமக்குப் பிடித்த நிரல்களை எழுதுகிறார். ஏரிகளின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்க ஒன்று. வெங்காய விலையை நாள்தோறும் சேர்த்து வைக்க ஒன்று. நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுதி. இந்த இரண்டு வேலைகளும் ஒருவர் கையில் எவ்வாறு ஒத்து வாழ்கின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதைப் பார்ப்போம்.

வலைத்தளம் என்பது எங்கோ ஒரு கணினியில் வைக்கப்பட்ட எழுத்தும் படமுமே. அந்தக் கணினி இரவும் பகலும் விழித்திருந்து, கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துத் தரவேண்டும். அதற்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்றவுடன் நம் ஊர் ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர் நினைவுக்கு வருவார். அதில் தவறில்லை, இதன் வேலையும் ஏறத்தாழ அதுவே.

உலகின் முதல் வலைச் சர்வர், டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் தம் வேலைக்கு வைத்திருந்த கணினிதான். 1990ஆம் ஆண்டின் இறுதியில் அதில் முதல் வலைத்தளம் இயங்கத் தொடங்கிற்று. யாரேனும் அறியாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் வலையுலகமே அணைந்துபோகும். ஆகவே, இது சர்வர், இதனை அணைக்கலாகாது என்னும் பொருளில் கையால் எழுதிய சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார். பணி மேசையும் பொதுச் சாவடியும் ஒரே பெட்டிக்குள் இருந்த காலம் அது. அன்றைக்கு அது போதுமானதாயிருந்தது.

இன்று நம் இளைஞர் தம் வீட்டுக் கணினியைச் சர்வராக வைத்தால் நிலைக்காது. மின்சாரம் போகும், இணையக் கம்பி அறுபடும், சித்திரை வெயிலில் இயந்திரம் கொதிக்கும். எனவே சென்னையிலோ மும்பையிலோ இதற்கென்றே கட்டப்பட்ட பெருங்கட்டடங்களில் அவர் வாடகைக்கு இடம் பிடிக்கிறார். அங்கே டீசல் ஜெனரேட்டர்கள் ஆயத்தமாக நிற்கும். பல கட்டடங்களில் தரையை உயர்த்தி, அடியிலிருந்து குளிர்காற்றைச் செலுத்துவார்கள். நம் பட்டறையின் தத்துவம்தான், செலவுதான் கோடிக்கணக்கில். அங்குள்ள ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல பாகங்களாகத் தடுத்து, ஒவ்வொன்றும் தனிக் கணினியே போல இயங்கும்படி செய்ய முடியும். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஏக்கர் என்பவர் 2003இல் லினோட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இப்படித் தடுத்த பாகங்களைச் சிறு தொழிலர்க்கும் பொழுதுபோக்காக நிரல் எழுதுவோர்க்கும் மாத வாடகைக்கு விட்டார். 2022இல் அதனை அக்கமாய் நிறுவனம் ஏறத்தாழ 90 கோடி டாலருக்கு வாங்கிற்று. நம் இளைஞருக்கு அந்தக் கனவு வேண்டாம். அவர் செய்வது உள்வாடகைத் தொழில். அதில் வரும்படி சிறிது. ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் வரும். அந்த நிதானமான வரும்படியே அவருடைய சொந்த நிரல்களுக்கு வேண்டிய ஓய்வை வாங்கித் தருகிறது.

இவ்விரு வேலைகளும் ஒன்றையொன்று வளர்த்ததற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து மையம் ஒன்றில் இராப் மெக்கூல் என்பவர் எழுதிய சர்வர் நிரலைத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலரும் பயன்படுத்தினர். 1994இன் நடுவில் அவர் அவ்விடத்தை விட்டுச் சென்றதும் நிரலின் வளர்ச்சி தடைப்பட்டது. வலைத்தளங்களை நடத்தி வந்தவர்களோ காத்திருக்கவில்லை. தத்தம் தளத்தில் கண்ட பழுதைத் தாமே திருத்தி, அத்திருத்தங்களை மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டனர். அந்த ஒட்டுகளையெல்லாம் சேர்த்து 1995 ஏப்ரலில் அவர்கள் வெளியிட்டதே அப்பாச்சி என்னும் சர்வர் நிரல். ஓராண்டுக்குள் அது உலகில் மிகுதியாகப் பயன்படும் சர்வராயிற்று. கடை நடத்தியவர்களே கருவியையும் செய்தார்கள். பழுது எங்கே வருகிறது என்பது நாள்தோறும் வாடிக்கையாளரின் குறையைக் கேட்பவனுக்கே முதலில் தெரியும். ஆகையால், கணினி கற்கும் மாணவர்களுக்கு நான்கு பேரின் வலைத்தளத்தை ஓராண்டு பராமரிக்கும் வேலையைக் கொடுத்தால், பாடநூல் தராத பயிற்சியை அது தரும் என்பது என் கருத்து.

முரண்பாடு எங்கே வருகிறது என்பதை இனிச் சொல்ல வேண்டும். நிரல் எழுதுபவன் உடைத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான். இடம் கொடுப்பவனோ எதையும் உடைக்கலாகாது. இரண்டையும் ஒரே இயந்திரத்தில் வைத்துக்கொண்டால் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் தட்டிய ஒரு கட்டளை, மழலையர் பள்ளியின் சேர்க்கைப் பட்டியலைத் துடைத்துவிடும். வேதியியல் ஆய்வுக்கூடத்தையும் சத்துணவுக் கூடத்தையும் ஒரே அறையில் வைக்க எந்தத் தலைமையாசிரியரும் ஒப்பமாட்டார்.

இது வெறும் அச்சமன்று. நிரலாளர்களின் நிரல்களுக்கே இடம் கொடுக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று இரவு, நெடுநேரம் உழைத்துக் களைத்திருந்த பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் இருக்கிறோம் என்று எண்ணித் தலைமைச் சர்வரின் தரவுகளை அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே மிஞ்சிற்று. காப்புப் படி எடுக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றாவது உடனே கைகொடுக்கவில்லை. இறுதியில் காத்தது எது? ஆறு மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் ஒரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த படி! இடையிலிருந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். அந்நிறுவனம் எதையும் மறைக்காமல் நடந்ததை உலகறிய எழுதியது. அதனால்தான் நாம் இன்று அதனைப் படிக்க முடிகிறது.

காப்புப் படி இருந்தால் போதாது; அதிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று அவ்வப்போது எழுப்பிப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் தீயணைக்கும் மணல் வாளிகள் வரிசையாகத் தொங்கும். வாளிக்குள் மணல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர் மிகக் குறைவு.

படி வேறிடத்தில் இருப்பதும் அதே அளவு முக்கியம். பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்னும் பெரிய நிறுவனத்துக்கு இருந்த ஐந்து மாடிச் சர்வர்க் கட்டடம் 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவுக்குப்பின் தீப்பற்றி முற்றிலும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இலட்சக்கணக்கான வலைத்தளங்கள் அன்று மறைந்தன. தம் படியையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருசேர இழந்தனர். பெரிய நிறுவனத்தில் வாடகைக்கு இருக்கிறேன், எனக்கென்ன என்று நம் இளைஞர் சொல்லலாகாது. மண்டிக்காரர் ஸ்திராஸ்பூர்க்கையோ சென்னையையோ அறியார். அவர் அறிந்த முகம் இவருடையதே.

இன்னொரு செய்தி, பணத்தைக் காட்டிலும் மனக்கசப்பை அதிகம் விளைப்பது. வலைத்தளத்தின் முகவரிக்குக் களப்பெயர் என்று பெயர். ‘.இன்’ என்று முடியும் இந்தியக் களப்பெயர்கள் 2005 முதல் பொதுமக்கள் எல்லார்க்கும் தாராளமாகக் கிடைத்து வருகின்றன. சிறு ஹோஸ்டிங் தொழிலர் சிலர் வாடிக்கையாளரின் களப்பெயரைத் தம் பெயரிலேயே பதிந்துவிடுகிறார்கள். சோம்பலால் செய்பவரும் உண்டு. வேண்டுமென்றே செய்பவரும் உண்டு. பின்னாளில் உறவு முறிந்தால், பத்தாண்டு பழகிய கடைப்பெயரைக் கடைக்காரர் மீட்க முடியாமல் அலைய நேரும். குடிவந்தவரின் ரேஷன் அட்டையை வீட்டுக்காரர் தம் பெயரில் எழுதிக்கொள்வதற்கு இது ஒப்பாகும். நேயர்களில் கடை வைத்திருப்போர் இன்றே தம் களப்பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டறிவது நல்லது.

சட்டத்தின் கண்ணும் இத்தொழில்மேல் விழுந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் பிறப்பித்த ஆணையின்படி, குறிப்பிட்ட வகைக் கணினித் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இயக்கப் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு இது எளிய சுமையன்று.

தனி ஆள் என்பதே இத்தொழிலின் மெல்லிய இடம். அவர் காய்ச்சலில் படுத்தால் இருபது முப்பது பேரின் தளங்களைப் பார்க்க ஆளில்லை. கடவுச்சொற்களெல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. இதற்கு வழி, தம்மைப் போன்ற இன்னொருவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்வது. பெரம்பலூர்க்காரரின் காப்புப் படிகள், பிறர் படிக்க இயலாதபடி பூட்டப்பட்டு, அரியலூர்க்காரர் வேறு ஊரில் வாடகைக்குப் பிடித்த இயந்திரத்தில் இருக்கட்டும். அவருடையவை இவரிடம் இருக்கட்டும். திறவுகோலை ஒட்டிய உறையில் இட்டு ஒருவரிடம் ஒருவர் கொடுத்து வைக்கட்டும். வாடிக்கையாளர்க்கும் இதனை முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் இசைவு பெற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சந்தித்து, உறையைப் பிரித்து, ஏதேனும் ஒரு தளத்தைப் படியிலிருந்து எழுப்பிப் பார்த்துவிட்டு, புது உறை ஒட்டிக்கொண்டு பிரியலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.