72 கிராமங்கள்... ஒரு நதி நாடாளுமன்றம்! காய்ந்துபோன அர்வாரி ஆறு மீண்ட கதை

1996-ம் ஆண்டு. ராஜஸ்தான் மாநிலம் ஆல்வார் மாவட்டத்தில் ஓடும் அர்வாரி ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை, மாநில அரசு ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது. ஆறு அரசுக்குச் சொந்தம், குத்தகை விடுவதும் அரசின் உரிமை. இதில் என்ன தப்பு என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால், ஹமீர்பூர் கிராம மக்கள் விடவில்லை. ஆற்றங்கரையில் திரண்டு மறித்தார்கள். அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு அந்த ஆற்றில் மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. மழை நின்ற சில நாள்களில் வெறும் மணலும் கல்லுமாகிவிடும். பல பத்தாண்டுகளாக அப்படித்தான் கிடந்தது. அதை மறுபடி ஓட வைத்தவர்கள் அந்தக் கிராம மக்கள். இன்று மீனைக் குத்தகைக்கு விடுபவர்கள், நாளை தண்ணீரையும் விட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

கடைசியில் அரசு அந்தக் குத்தகையைத் திரும்பப் பெற்றது. ஆனால், ஊர் மக்கள் மனதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. நாம் மீட்ட ஆற்றை யார் பாதுகாப்பது? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான், 'அர்வாரி சன்சத்' எனப்படும் நதி நாடாளுமன்றம்.

மலை மொட்டையானது, கிணறு வறண்டது

ஆரவல்லி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது இந்தப் பகுதி. பக்கத்திலேயே சரிஸ்கா புலிகள் காப்பகம். வருடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதி ஒன்பது மாதத்தை அந்தத் தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'ஜோஹட்'. சரிவான நிலத்தில் பிறை வடிவில் மண் கரை கட்டி, மழைநீரை நிறுத்திவைக்கும் குளம். நம்மூர் ஏரிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். காலப்போக்கில் மலையில் மரங்கள் வெட்டப்பட்டன. மண் அடித்துக்கொண்டு வந்து ஜோஹட்கள் தூர்ந்துபோயின. ஊர் கூடிப் பராமரிக்கும் பழக்கமும் மெல்ல மறைந்தது.

விளைவு? கிணறுகள் வற்றின. நிலத்தடி நீர் மிக மோசமான நிலையில் உள்ள 'இருண்ட மண்டலம்' என்று அரசே அறிவித்தது. இளைஞர்கள் பிழைப்பு தேடி டெல்லிக்கும் அகமதாபாத்துக்கும் போனார்கள். ஊரில் மிஞ்சிய பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். அம்மாவோடு தண்ணீருக்குப் போக வேண்டியிருந்ததால், பெண் பிள்ளைகளின் படிப்பும் நின்றுபோனது.

மண்வெட்டி எடுத்த இளைஞர்கள்

1985 அக்டோபர் 2-ம் தேதி, 'தருண் பாரத் சங்கம்' என்ற அமைப்பைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் இந்தப் பகுதிக்கு வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ராஜேந்திர சிங். ஆயுர்வேதம் படித்தவர், அரசு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பள்ளிக்கூடமும் மருத்துவமும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். ஆனால், உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் அவர்களை வேறு பக்கம் திருப்பிவிட்டார். ஊருக்கு முதலில் வேண்டியது தண்ணீர், அதற்கு மண்வெட்டியை எடுங்கள் என்பதே அவர் சொன்ன யோசனை.

கோபால்புரா கிராமத்தில் தூர்ந்துகிடந்த ஜோஹட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மழை வந்தது, குளம் நிறைந்தது, பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. அதைப் பார்த்து அடுத்தடுத்த ஊர்களும் கூப்பிட்டன. அர்வாரி ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கும் பாவ்ந்தா-கோல்யாலா மக்களும் வேலையில் இறங்கினார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். எங்கே கட்டுவது, எவ்வளவு உயரம், யார் எத்தனை நாள் வேலைக்கு வர வேண்டும் என்பதை எல்லாம் அந்தந்த ஊரின் கிராம சபை உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. செலவில் ஒரு பங்கை, உழைப்பாகவோ கல், மண்ணாகவோ ஊரே கொடுக்க வேண்டும். சும்மா கிடைத்த குளத்தைவிட, சொந்தமாக மண் சுமந்து கட்டிய குளத்தின் மேல் அக்கறை அதிகம் இருக்கத்தானே செய்யும்?

குளம் வெட்டினால் ஆறு எப்படி ஓடும்?

ஜோஹட்டில் நிற்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகும். பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். அது நிலத்துக்கு அடியில் மெதுவாக நகர்ந்து, சரிவில் கீழே உள்ள கிணறுகளுக்குப் போய்ச் சேரும். இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கும்போது நிலத்தடி நீர்மட்டம் உயரும். அது ஆற்றுப்படுகையின் மட்டத்தைத் தொட்டுவிட்டால், படுகையில் தண்ணீர் கசிந்து ஓடத் தொடங்கும். மழை நின்ற பிறகும் ஆற்றில் ஓட்டம் இருப்பது இதனால்தான்.

அர்வாரியில் அதுதான் நடந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் 300-க்கும் மேற்பட்ட ஜோஹட்களும் தடுப்பணைகளும் எழும்பின. 1990-ல் மழைக்காலம் முடிந்தும் ஆற்றில் தண்ணீர் நின்றது. 1995-ல் வருடம் முழுக்க ஓடியது.

தண்ணீரோடு வந்த சிக்கல்

இந்தக் கதையைப் பலரும் இங்கேயே 'சுபம்' போட்டு முடித்துவிடுவார்கள். ஆனால், கஷ்டமான பகுதி இதற்குப் பிறகுதான் வந்தது.

தண்ணீர் இல்லாத ஊரில் பங்குச் சண்டையும் கிடையாது. தண்ணீர் வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை வரும். ஒருவர் கரும்பு போட நினைப்பார். இன்னொருவர் ஆழமாக போர்வெல் இறக்குவார். வேறொருவர் ஆற்றிலேயே மோட்டாரை வைப்பார். மேல் ஊரில் எடுத்தால் கீழ் ஊரில் குறையும். வெளியிலிருந்து நிலம் வாங்க ஆள் வரும், சுரங்கத்துக்கும் ஆள் வரும். ஊர்க்காரர்கள் பத்து வருடம் கூடை கூடையாக மண் சுமந்து சேர்த்த தண்ணீரை, சில மோட்டார்கள் கொஞ்ச காலத்திலேயே உறிஞ்சிவிட முடியும்.

மீன் குத்தகைப் பிரச்னை இதை எல்லோருக்கும் புரியவைத்தது. 1999 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று ஹமீர்பூரில் அர்வாரி நதி நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள 72 கிராமங்கள் இதில் இணைந்தன. ஒவ்வொரு ஊரும் தன் பிரதிநிதிகளை அனுப்பும். வருடத்துக்கு இரண்டு முறை கூட்டம்.

அங்கே பேசி வகுத்த விதிகள் சில:

* தண்ணீரை அதிகம் குடிக்கும் கரும்பு, நெல் போன்ற பயிர்கள் வேண்டாம்.
* கோடை தொடங்கியதும் ஆற்றிலிருந்து நேரடியாகப் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கூடாது. 
* ஆழமான போர்வெல்களுக்குக் கட்டுப்பாடு.
* பச்சை மரத்தை வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது.
* சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் நிலத்தை விற்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். கரும்பில் வரும் காசைக் கண் முன்னால் விட்டுக்கொடுக்கும் விவசாயிக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நாடாளுமன்றத்துக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. விதியை மீறியவரை போலீஸில் பிடித்துக் கொடுக்க முடியாது. ஊர் கூடிக் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் முகம் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே பெரிய கட்டுப்பாடு.

அரசோடும் மோதல்

அரசுடனான உறவு எப்போதும் சுமுகமாக இருக்கவில்லை. அனுமதி இல்லாமல் கட்டியதாக கோபால்புரா மக்களுக்கே ஆரம்பத்தில் நோட்டீஸ் வந்தது. 2001-ல் லாவா கா பாஸ் கிராமத்தில் மக்கள் கட்டிய அணையை இடிக்கச் சொன்னது மாநில நீர்ப்பாசனத் துறை. ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். சரிஸ்கா பகுதியில் நடந்த சுரங்கங்களை எதிர்த்து தருண் பாரத் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் இந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

அங்கீகாரமும் வந்தது. 2000 மார்ச்சில் அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் ஹமீர்பூருக்கே வந்து, பாவ்ந்தா-கோல்யாலா மக்களுக்கு விருது வழங்கினார். ராஜேந்திர சிங் 2001-ல் மகசேசே விருதும், 2015-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதும் பெற்றார்.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அர்வாரியின் ஓட்டம் நின்றும் போயிருக்கிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆராய்ந்து 2010, 2011-ல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். ஜோஹட்களால் நிலத்தடி நீர் பெருகுகிறது, பாசனத்துக்கு உதவுகிறது என்பதை அவை ஒப்புக்கொண்டன. கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தன. ஓர் எல்லைக்கு மேல் ஜோஹட் கட்டிக்கொண்டே போனால் நிலத்தடி நீர் கூடாது, ஆற்றில் ஓடும் நீர்தான் குறையும்.

யோசித்துப் பார்த்தால், அந்த 72 கிராமங்களின் கூட்டம் ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. வானம் கொடுப்பது ஓர் அளவுதான். எத்தனை குளம் வெட்டினாலும் அந்த அளவு கூடாது. இருப்பதை மேல் ஊரும் கீழ் ஊரும், இந்த வருடமும் அடுத்த வருடமும் எப்படிப் பங்கிடுவது என்பதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

நம் ஊர்களிலும் இப்போது இளைஞர்கள் சேர்ந்து ஏரி, குளங்களைத் தூர் வாருகிறார்கள். தண்ணீர் நிறைந்ததும் கரையில் நின்று செல்ஃபி எடுத்துப் பகிர்கிறோம். நல்ல விஷயம்தான். அதே கரையில் வருடத்துக்கு இரண்டு முறை ஊர் கூடி, இந்தத் தண்ணீரை யார், எதற்கு, எவ்வளவு எடுப்பது என்றும் பேசிவிட்டால் என்ன?