கேட்டறிந்து கொடுக்கும் மருந்து

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவர் என்பனவே அந்நான்கும். அந்த நான்காமவரை இன்று நாம் தாதி என்கிறோம். வைத்தியசாலையில் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிறோம். வைத்தியர் வார்ட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சென்ற பின்னரும், இரவென்றும் பகலென்றும் பாராமல் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் அவரே.

இப்பணி நமக்குப் புதியதன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களை, ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை இஸ்லாமிய வரலாறு கூறுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1854இல் கிரிமியப் போர்க் காலத்தில் பணியாற்றிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859இல் எழுதிய தமது நூலில், நோயாளியைக் கூர்ந்து கவனித்தலைத் தாதியின் தலையாய கடமைகளுள் ஒன்றாக வலியுறுத்தினார்.

தாதியின் வேலை ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் மருந்து கொடுப்பது பின்னால் வரும் படி. அதற்கு முன் பார்க்கவும் கேட்கவும் அளக்கவும் வேண்டியவை நிறைய உண்டு. அவற்றை நம் ஊரோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிப்பீடு

தாதியப் பராமரிப்பு ஐந்து படிகளைக் கொண்டது. நோயாளியை மதிப்பிடுதல், அவரது தேவை எது என்று நிர்ணயித்தல், திட்டமிடுதல், செயற்படுத்தல், பலன் கிடைத்ததா என்று மீளப் பார்த்தல் என்பனவே அவை. முதற்படி பிழைத்தால் மற்ற நான்கும் பிழைக்கும்.

மதிப்பீட்டில் கிடைக்கும் தகவல்கள் இரு வகைப்படும். நோயாளி தம் வாயால் சொல்பவை ஒரு வகை. வலி, தலைச்சுற்று, அசதி போன்றவற்றை வேறெவராலும் பார்க்க முடியாது. தாதி பார்த்தும் தொட்டும் அளந்தும் அறிபவை மற்றைய வகை. அளந்தறிபவற்றுள் அடிப்படையானவை உயிர்நிலை அறிகுறிகள். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு அவை ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

உடல் வெப்பநிலை: 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை.
நாடித்துடிப்பு: நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை.
சுவாசம்: நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை.
குருதியமுக்கம்: 120/80 அளவில். 140/90ஐத் தொடர்ந்து எட்டினால் அல்லது தாண்டினால் உயர் குருதியமுக்கம்.
குருதியில் ஒட்சிசன் செறிவு: 95 சதவீதமும் அதற்கு மேலும்.

பிள்ளைகளுக்கு இந்த எண்கள் பொருந்தா. சளியும் இருமலும் உள்ள பிள்ளை, 2 மாதத்துக்குக் குறைந்ததாயின் நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ, 2 முதல் 12 மாதத்துக்குள் என்றால் 50 தடவையோ அதற்கு மேலோ, 1 முதல் 5 வயதுக்குள் என்றால் 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வேகமான சுவாசம். தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது, சட்டையை உயர்த்தி, நெஞ்சும் வயிறும் அசைவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பிள்ளைகளின் விடயத்தில் ஏமாற்றிவிடும். கடிகாரம் உள்ள எந்தத் தாயும் வீட்டிலேயே செய்யக்கூடிய மதிப்பீடு இது.

தேயிலை மலையில் ஓர் உதாரணம்

நமுனுகுல, ஸ்பிரிங்வெளி, பசறை, மடுல்சீமைப் பக்கங்களில் அடிக்கடி கேள்விப்படும் செய்தி குளவிக் கொட்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது கூடு கலைந்து பலரை ஒரே நேரத்தில் குளவிகள் கொட்டுகின்றன. ஐந்து பேர் தோட்ட மருந்தகத்துக்குத் தூக்கிவரப்பட்டால் யாரை முதலில் பார்ப்பது?

வலியால் சத்தமிட்டு அழுபவரையே நம் கண் முதலில் தேடும். ஆனால் தாதி தேடுவது, பேச முடியாமல் ஒரு மூலையில் அமர்ந்திருப்பவரை. அழுபவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்பதை அவரது சத்தமே காட்டிவிடுகிறது. குரல் கரகரத்தல், நாக்கும் உதடும் வீங்குதல், மூச்சுத் திணறல், உடலெங்கும் தடித்த தடிப்புகள், தலைச்சுற்று, வாந்தி, நாடி வேகமாகியும் மெலிந்தும் போதல், குருதியமுக்கம் விழுதல் ஆகியன உயிராபத்தான ஒவ்வாமையின் அறிகுறிகள். இப்படிப்பட்டவரை எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிட வேண்டும்.

இங்கு உயிரைக் காக்கும் மருந்து அட்ரினலின். ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் 1 மில்லிகிராம் இருக்கும். வளர்ந்தவர் ஒருவருக்குப் பயிற்சி பெற்றவர் கொடுக்கும் அளவு அதில் பாதி, அதாவது 0.5 மில்லிகிராம், அதுவும் தொடையின் வெளிப்புறத் தசையில். அதே மருந்து முழுவதும் அவசரத்தில் நாளத்தினுள் சென்றால் இதயத்துக்கே ஆபத்து. மருந்து சரியாக இருந்தும் அளவோ வழியோ மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

பல குளவிகள் கொட்டியிருந்தால் மூச்சு சீரானதோடு வேலை முடிவதில்லை. விஷம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். எனவே அடுத்த நாட்களில் சிறுநீரின் அளவு குறைகிறதா, நிறம் தேயிலைச் சாயம்போல் கறுக்கிறதா என்று தாதி கேட்டும் பார்த்தும் எழுதி வைப்பார். ஐந்தாவது படியாகிய மீளப் பார்த்தல் இதுவே.

சொல்லும் ஒரு கருவி

வெப்பமானி, குருதியமுக்கமானி வரிசையில் நான் இன்னொரு கருவியையும் சேர்ப்பேன். அது மொழி.

மலையகத் தாய் ஒருவர் "மேலுக்கு முடியல" என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள். "நெஞ்சு கரிக்குது" என்றால் எரிச்சல். "நெஞ்சு அடைக்குது" என்றால் இறுக்கம். "கை மதமதன்னு இருக்கு" என்றால் மரத்துப்போன உணர்வு. நெஞ்சிலே எந்த வருத்தமானாலும் பரிசோதிக்க வேண்டும் என்பது உண்மை. ஆயினும் இறுக்கம், இடது கைக்குப் பரவும் வலி, வியர்வை என்று அவர் சொல்வது புரிந்தால் அவர் வரிசையில் முன்னுக்கு வருவார். புரியாவிட்டால் வாங்கில் காத்திருப்பார்.

ஊவாவின் வைத்தியசாலைகளில் கடமையாற்றும் தாதியரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். அவர்களுள் ஆர்வத்தோடு தமிழ் கற்று, "எங்க வலிக்குது அம்மா?" என்று கேட்பவர்கள் உண்டு, அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் அவசர நேரத்தில் பல நோயாளர் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிடுகிறார்கள். "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்ற கேள்விக்குப் புரியாமல் ஆட்டும் தலை, ஓர் உயிரின் விடயம்.

கிளினிக் நாட்களில் உம்மும்மாவுக்குத் துணையாகப் போகும் எனக்கு, வாங்கில் பக்கத்தில் இருக்கும் தோட்டத்து அம்மாமாரின் மருந்து உறைகளை வாசித்துச் சொல்லும் வேலையும் வந்து சேரும். "மகள், இது காலையிலயா ராவையிலயா?" என்று கேட்பார்கள். உறையில் இருப்பதோ இலத்தீன் மொழியிலிருந்து வந்த சுருக்கெழுத்து. 'பி.டி.' என்றால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று முறை, 'மானே' என்றால் காலை, 'நொக்டே' என்றால் இரவு. இந்த நான்கையும் நம் மாணவிகள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருந்தால் எத்தனையோ வீடுகளுக்குப் பயன்படும்.

ஐந்து சரிகள்

மருந்து கொடுக்குமுன் தாதியர் சரிபார்க்கும் ஐந்து விடயங்களை உலகெங்கும் 'ஐந்து சரிகள்' என்றே கற்பிக்கிறார்கள்.

சரியான நோயாளி. எங்கள் வகுப்பில் "பாத்திமா" என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு திரும்பிப் பார்க்கும். வார்ட்டிலும் அப்படித்தான். ஆகவே, "நீங்கள் பாத்திமாவா?" என்று கேட்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் "ஓம்" என்றே சொல்வார்கள். "உங்கள் முழுப் பெயர் என்ன?" என்று கேட்டு, நோயாளர் அட்டையோடு ஒப்பிட வேண்டும். கட்டில் இலக்கத்தை மட்டும் நம்பக் கூடாது, கட்டில்கள் மாறும்.

சரியான மருந்து. மெட்போமின் நீரிழிவுக்கு, மெட்ரனிடசோல் தொற்றுக்கு. பெயர்களோ அண்ணன் தம்பிபோல. எனவே அலுமாரியிலிருந்து எடுக்கும்போது, அளந்தெடுக்கும்போது, கொடுக்கும் முன் என மூன்று தடவை பெயர்ச்சீட்டை வாசிப்பார்கள். வீட்டில் நடப்பது இதன் மறுபக்கம். கடையில் வாங்கிய பனடோலும் வைத்தியசாலை உறையில் தந்த பரசிட்டமோலும் ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துக் குடித்தால் இரட்டை அளவு, ஈரலுக்குக் கேடு. டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை குருதிக்கசிவை அதிகரிக்கும்.

சரியான அளவு. 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம் கொடுக்குமாறு வைத்தியர் எழுதுகிறார். பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் உள்ளது. 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலீற்றர். நாம் படிக்கும் விகித சமன்தான். ஆனால் வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தையே பயன்படுத்த வேண்டும். தசமப் புள்ளி கண்ணில் படாமற்போனால் அளவு பத்து மடங்காகிவிடும். ஆகவேதான் தாதியர் '.5' என்று எழுதாமல் '0.5' என்றும், '5.0' என்று எழுதாமல் '5' என்றும் எழுதப் பழகுகிறார்கள். இன்சுலின் போன்ற ஆபத்து மிகுந்த மருந்துகளை இருவர் தனித்தனியே சரிபார்ப்பதும் இதனாலேயே.

சரியான வழி. வாயால், தோலின் கீழ், தசையில், நாளத்தில் என ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பாதை உண்டு. விழுங்கக் கஷ்டம் என்று எல்லா மாத்திரைகளையும் இடித்துக் கொடுக்க முடியாது. நாள் முழுவதும் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும்.

சரியான நேரம். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம் ஊரில் அதைச் சுடச்சுடத் தேயிலைத் தண்ணீரோடு விழுங்குபவர்களே அதிகம். தேயிலையில் உள்ள தனின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. தேயிலை குடிப்பதற்கும் அம்மாத்திரைக்கும் இடையே ஓரிரு மணி நேரம் விட வேண்டும்; தேசிக்காய்ச் சாற்றோடு எடுத்தால் இன்னும் நன்று. அதேபோல், சீனி வருத்தம் உள்ள நம் மூத்தோர் றமழான் வருமுன்பே வைத்தியரிடம் சென்று மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கேட்க வேண்டும். காலை மருந்தைத் தாமாகவே ஸஹருக்கு மாற்றிக்கொண்டால் பகலில் குருதியில் சீனி ஆபத்தாகக் குறைந்து மயக்கம் வரலாம்.

இவ்வைந்தையும் செய்த பின் கொடுத்த மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றை உடனே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த கடமைக்கு வருபவர் மருந்து கொடுக்கப்படவில்லை என்று எண்ணி மீண்டும் கொடுத்துவிடக்கூடும்.

மருந்துப் பிழை உலகம் முழுவதற்குமான பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கற்ற மருந்துப் பயன்பாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2019 முதல் செப்டெம்பர் 17ஆம் திகதி உலக நோயாளர் பாதுகாப்புத் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

வைத்தியசாலைக்குப் போகும்போது எல்லா மருந்துகளையும் அவற்றின் உறைகளோடும் கிளினிக் கொப்பியோடும் ஒரே பையில் கொண்டுசெல்லுங்கள். நாட்டு மருந்து எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

தோழியரே, உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நாம் வைத்தியராகும் கனவை மட்டுமே பேசுகிறோம். பதுளையிலேயே அரச தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பயிற்சி மூன்று ஆண்டுகள். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டமும் பெறலாம். இதைப் பற்றி வீட்டில் பேசியபோது, "இரவுக் கடமை இருக்குமே மகள்" என்றுதான் வாப்பா முதலில் சொன்னார். அது நியாயமான கவலை. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: உம்மும்மா பெண்கள் வார்ட்டில் இருக்கும் இரவில், அவருடைய பாஷையில் பேசி, அவருடைய முந்தானையைச் சரிசெய்து, மருந்து கொடுக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்று நாம் விரும்ப மாட்டோமா? எல்லா வீடுகளும் அந்தப் பெண் வேறு வீட்டிலிருந்து வரட்டும் என்று இருந்துவிட்டால் அவள் எங்கிருந்து வருவாள்?

வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை, யோசிக்கிறார். நான் சிங்களம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தமிழில் கேட்டதைச் சிங்களத்தில் பிழையின்றி எழுதி, கையெழுத்திடத் தெரிந்த தாதியர் இந்த மலைநாட்டுக்கு வேண்டும்.