மாயாவிக்கு யார் குரல்?

படக்கதை வீரனுக்கு உருவம் உண்டு; குரல் கிடையாது. படிக்கும் பையன்தான் குரல் கொடுக்கிறான். தண்டையார்பேட்டைப் பையன் படித்தால், இங்கிலாந்தில் பிறந்த மாயாவியும் தண்டையார்பேட்டைத் தமிழில்தான் பேசுவான்!

அந்தப் பையனுக்கு அகஸ்தியா தியேட்டரும் இருந்தது. 1967-ல் திறந்து, 2020-ல் மூடப்பட்ட கொட்டகை அது. திரையில் ஒரு வீரன். கையில் ஒரு வீரன்.

சிவகாசி தந்த வீரன்

1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழே "இரும்புக்கை மாயாவி". மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். 1984-ல் வந்தது லயன் காமிக்ஸ். டெக்ஸ் வில்லர் போன்ற குதிரை வீரர்கள் அதில் தமிழ் பேசினார்கள்.

ஜெய்சங்கர்புரம்

சினிமா சும்மா இருக்குமா? 1972-லேயே கர்ணனின் "கங்கா" படத்தில் ஜெய்சங்கர் குதிரை ஏறிவிட்டார். 2010-ல் சிம்புதேவன் "இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்" எடுத்தார். அவர் கார்ட்டூன் ஓவியராக இருந்தவர். கதாநாயகன் லாரன்ஸ். கதையில் வரும் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம்!

எந்தப் படக்கதையையும் அவர் அப்படியே படமாக்கவில்லை. அந்த உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கேலியும் கிண்டலுமாகப் புதுக்கதை சொன்னார். வாசகர்களின் பழைய வீரர்கள் பத்திரமாகத் தப்பினார்கள்.

மாயாவியையே திரைக்குக் கொண்டுவந்தால்? கையை மட்டும் காட்டத் தந்திரக் காட்சிகள் போதும். குரல்தான் சிக்கல். நடிகர் ஒருவர் வாய் திறந்ததும், வீட்டுக்கு வீடு வேறுவேறாகக் கேட்ட குரல்கள் அடங்கிவிடும்.

படம் எடுப்பவர்கள் முதலில் தண்டையார்பேட்டைப் பையனை ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்!