அட்டையில் இருப்பது வேறு, தோப்பில் நடப்பது வேறு

கொட்டாம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் ஆன்லைனில் போர் மோட்டார் வாங்குகிறார் என்று வையுங்கள். ‘5 எச்.பி., 5 ஸ்டார், காப்பர் வைண்டிங்’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்து மகன் போனில் ரிவ்யூ எழுதுகிறான்: ‘சூப்பர் மோட்டார், 5 ஸ்டார், காப்பர் வைண்டிங்.’ அட்டையில் இருப்பதைத் திரும்ப எழுத ரிவ்யூ எதற்கு? மோட்டாரை எத்தனை அடியில் இறக்கினீர்கள், தொட்டி நிறைய எவ்வளவு நேரமானது, லோ வோல்டேஜில் எடுத்ததா, காயில் கட்டக் கொடுக்க நேர்ந்ததா என்பதுதான் அடுத்து வாங்கப் போகிறவருக்கு வேண்டும்.

அம்சத்தைச் சொல்லாதே, அதனால் என்ன பயன் என்று சொல் என்பது விற்பனைக்காரர்களின் பழைய பாடம். பாடம் சரிதான், ஆனால் பயன் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டார் கூடினால் கரண்ட் பில் குறையும் என்பார்கள். இலவச விவசாய இணைப்பு வைத்திருப்பவருக்குப் பில்லே கிடையாது. அவருக்கு அதில் என்ன மிச்சம்? வீட்டு ஃபேனும் அப்படித்தான். 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டி, தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் சுமார் 28 யூனிட் குறையும். ஏற்கெனவே இலவச யூனிட் வரம்புக்குள் இருக்கும் வீட்டுக்கு அதனால் பில்லில் ஒரு பைசாவும் குறையாது. ‘பில் பாதியாகும்’ என்று எழுதினால் அந்த வீட்டுக்காரருக்கு அது பொய்.

பயன் என்பது வாக்குறுதி. அதனால்தான் சட்டம் அங்கே வந்து நிற்கிறது. ‘5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்’ என்று விளம்பரம் செய்த ரேபிடோவுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆட்டோ வராதவர்களுக்கு அது கொடுத்தது பணமல்ல, ஏழு நாளில் காலாவதியாகிற, பைக் சவாரிக்கு மட்டும் செல்லுகிற ‘காயின்’. அதுவும் 50 ரூபாய் ‘வரை’.

காசு கொடுத்து வாங்கி, உள்ளதை உள்ளபடி எழுதுபவர் இந்த அபராதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. பொருளை இலவசமாகவோ, இல்லை பணமோ வாங்கிக்கொண்டு பாராட்டினால் கதை வேறு. அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், கருத்தும் உங்கள் அனுபவத்தில் வந்ததாக இருக்க வேண்டும் என்கின்றன அதே ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைபோனவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. விற்பவரே வாடிக்கையாளர் வேஷத்தில் ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. ரிவ்யூக்களை எப்படித் திரட்டி வெளியிடுவது என்பதற்கு ஐ.எஸ். 19000 என்ற தரநிலை 2022 நவம்பரில் வந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்றே அறிமுகமானது. அதன் பலவீனமும் அதுதான்.

குறை எழுதுகிறபோதும் நிதானம் வேண்டும். ‘திருட்டுப் பயல் கடை’ என்றால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கிறீர்கள். ‘வாங்கி 40 நாளில் நின்றது, வாரண்டி கேட்டும் ஆள் வரவில்லை’ என்பதில் திட்டு இல்லை, ஆனால் கடைக்கு வலிக்கும்.

ரிவ்யூவை நம்பி ஏமாந்தவர் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 48 மணி நேரத்தில் அவர் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

‘ஸ்டார் போட்டால் காசு’ என்று டெலிகிராமில் வரும் வேலை இதிலெல்லாம் சேராது, அது மோசடி. முதலில் 150, 200 ரூபாய் தருவார்கள், பிறகு நம்மையே பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

எதை வாங்கினாலும் பில்லோடு, அந்தப் பொருளின் விற்பனைப் பக்கத்தையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாள் வாக்குறுதி தந்த வரி அங்கே இல்லாமல் போகலாம்.