பரங்கிமலைக் கல்லுக்கு வயது என்ன?

சென்னை பரங்கிமலைக்குப் போனால், வழியில் தெரியும் பாறையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். புதிதாக உடைந்த இடத்தில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு. அந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு! டைனோசர்கள் தோன்றியே 23 கோடி ஆண்டுதான் ஆகிறது. முதல் டைனோசர் நடக்கத் தொடங்கியபோதே நம் பரங்கிமலைக் கல் கொள்ளுத் தாத்தா ஆகிவிட்டது.

இந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் 300 ஆண்டுகளுக்கும் முன்பே வங்காளத்தில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல், சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். கொல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-இல் அதை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். இப்போது உலகில் எங்கே இந்த வகைக் கல் கிடைத்தாலும் அதே பெயர்தான்.

சரி, இது எப்படி உண்டானது? செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். களிமண் அங்கே உருகுவதில்லை. சூட்டில் அதற்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறி, வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது. அதேபோல, பூமிக்குள் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் மலைகளின் பாரம் அழுத்த, 700, 800 டிகிரிச் சூட்டில் பழைய பாறைகள் வெந்தன. அவற்றின் கனிமங்களுக்குள் ஒளிந்திருந்த நீர் பிரிந்துபோக, புதிய கனிமங்கள் பிறந்தன. இப்படி வெந்து மாறியதை உருமாறிய பாறை என்கிறோம். சார்னோகைட்டிலேயே சில, பாறைக்குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறி இறுகியதால் வந்தவை. குழம்பு ஆறிப் பிறந்தால் தீப்பாறை. அஜந்தா குகைகளைக் குடைந்தார்களே, அந்தக் கறுப்புக் கல்லும் தீப்பாறைதான். ஆனால் அது எரிமலைக் குழம்பாகத் தரைக்கு மேலே வழிந்து, சட்டென்று ஆறியது.

20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கல்லை மேலே கொண்டுவந்தது யார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூட்டைகள் ஏற்றிய படகு தண்ணீரில் அமிழ்ந்து நிற்கும். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினால் படகு தானே மேலே எழும்பும். மழையும் ஆறும் மலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இறக்க இறக்க, அடியில் இருந்த பாறையும் அப்படித்தான் மெல்ல எழுந்து வந்தது.

வெளியே வந்த கல்லை வெயிலும் மழையும் சும்மா விடுமா? அதில் ஃபெல்ட்ஸ்பார் என்றொரு கனிமம் உண்டு. மழைநீர் பட்டுப் பட்டு அது களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் பிடிவாதக்காரக் கனிமம். கரையாது, உதிர்ந்து மணலாகும். ஆறு அதை அடித்துச் சென்று தாழ்ந்த இடத்தில் கொட்டும். அடுக்கின் மேல் அடுக்கு விழுந்து, அழுந்தி, ஒட்டிக்கொண்டால் மணற்கல். அது படிவுப் பாறை.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் அப்படியொரு மணற்கல் நிலம் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் அங்கே மணலில் புதைந்தன. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து இறுகியது. மரத்தின் வளையங்கள் அப்படியே இருக்கின்றன. தட்டிப் பார்த்தால் கல்! அங்கே போனால் ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட பூங்கா.

இத்தகைய மணற்கல் என்றாவது மறுபடி ஆழத்துக்குப் போய் வெந்தால், குவார்ட்சைட் என்ற மிகக் கெட்டியான உருமாறிய பாறையாகிவிடும். மேலே வரும், மீண்டும் உதிரும்.

இப்படி உதிர்ந்த பாறைகளின் மணிகள் கடற்கரை மணலிலும் உண்டு. அடுத்த முறை அங்கே போகும்போது ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். காய்ந்த மணலில், கறுப்புக் கோடு தெரியும் இடமாகப் பார்த்து மெல்ல இழுங்கள். காகிதத்தில் கறுப்பு மணிகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு மாக்னடைட் என்று பெயர். ஒட்டாமல் மணலிலேயே இளஞ்சிவப்பாக மின்னும் மணிகள் கார்னெட்டாக இருக்கலாம். பூமியின் ஆழத்தில், பெருஞ்சூட்டில் பிறந்த கல் அது. இப்போது உங்கள் உள்ளங்கையில்.